ஐந்து ஊர்களுக்கு ஓர் ஆசிரியர் அறை

எங்கள் பள்ளியில் 42 பிள்ளைகள். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள். தலைமையாசிரியரையும் சேர்த்து ஆசிரியர்கள் நாங்கள் இரண்டு பேர். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். ஆகவே சட்டப்படி எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ வங்கிக்கோ போகிற நாளில் ஐந்து வகுப்பும் என் ஒருத்தி கையில்.

இந்த வேலைப் பளு எல்லோருக்கும் தெரியும். இதற்குள் இன்னொரு சிரமம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நான்காம் வகுப்புக்குப் பின்னம் நடத்துகிறேன், பாதிப் பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் இதை எப்படி நடத்தினீர்கள்?" என்று கேட்க இன்னொரு நான்காம் வகுப்பு ஆசிரியர் இந்த ஊரில் கிடையாது. நகரத்துப் பெரிய பள்ளியில் நான்காம் வகுப்புக்கே நான்கு பிரிவுகள் இருக்கும். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே பேச்சு வந்துவிடும். ஒருவர் சப்பாத்தியை மடித்துக் காட்டி அரை, கால் என்று நடத்தியதைச் சொல்வார், இன்னொருவர் தன் வகுப்பில் அது எடுபடவில்லை என்பார். பயிற்சி என்ற பெயர் இல்லாமலே அங்கே தினமும் பயிற்சி நடக்கிறது. எங்களுக்கு அந்த அறையே இல்லை.

பள்ளிகளின் வலையமைப்பு, பள்ளித் தொகுப்பு, கூட்டுச் செயல்பாடு என்றெல்லாம் கல்வித் துறை ஆவணங்களில் வரும் சொற்களைப் புதிதாகப் படிப்பவர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்கினால் எளிதில் புரியும். ஆசிரியர் அறை இல்லாத பள்ளிகள் நாலைந்து சேர்ந்து, தங்களுக்குள் ஓர் ஆசிரியர் அறையை உண்டாக்கிக்கொள்வதுதான் அது. அறை ஓர் ஊரில் இருக்காது, ஐந்து ஊர்களில் பரவிக் கிடக்கும். மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ அது ஓரிடத்தில் கூடும்.

இது எத்தனை பள்ளிகளின் பிரச்சினை என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே ஒரு கணக்குத் தருகிறது. 2016–17இல் இந்தியாவில் ஒரே ஓர் ஆசிரியரை வைத்து நடந்த பள்ளிகள் 1,08,017. அவற்றில் 85,743 தொடக்கப் பள்ளிகள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 28 விழுக்காட்டில் பிள்ளைகள் 30 பேருக்கும் குறைவு. இப்படிப்பட்ட பள்ளிகள் எங்கே இருக்கும் என்று வரைபடத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். மலைக் கிராமங்கள், கடலோரக் குப்பங்கள், காலனிகள், வேலைக்காகக் குடும்பங்கள் ஆண்டுதோறும் ஊரை விட்டுக் கிளம்பும் வறண்ட பகுதிகள். ஏழை ஊரின் பள்ளி சிறியதாக இருக்கிறது, சிறியதாக இருப்பதால் தனித்து நிற்கிறது.

தமிழ்நாட்டில் இந்தத் தனிமைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒரு நிர்வாகம், ஆதிதிராவிடர் நலப் பள்ளி வேறு துறை, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இன்னொன்று, மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளி மற்றொன்று. இரண்டு பள்ளிகளுக்கு நடுவே ஒரு தெருதான் இருக்கும், ஆனால் ஆசிரியர்களின் அதிகாரிகள் வேறு, சங்கங்கள் வேறு. பிற துறைகளின் கீழ் இருந்த பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023ஆம் ஆண்டு மாநில வரவுசெலவு அறிக்கையில் அறிவித்தார்கள்.

பழைய யோசனைதான்

பள்ளிகளைத் தொகுப்பாகச் சேர்க்கும் எண்ணம் நேற்று வந்தது அல்ல. இயற்பியலாளர் டி.எஸ். கோத்தாரி தலைமையில் 1964இல் அமைந்த கல்விக் குழு 1966இல் அறிக்கை தந்தது. ஒவ்வொரு பள்ளியும் தனித் தீவாக இயங்குவதை உடைக்க வேண்டும், ஓர் உயர்நிலைப் பள்ளியை நடுவில் வைத்துச் சுற்றியுள்ள நடுநிலை, தொடக்கப் பள்ளிகளை அதோடு இணைக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. உயர்நிலைப் பள்ளியின் ஆய்வுக்கூடமும் நூலகமும் சுற்றியுள்ள சிறு பள்ளிகளுக்கும் பயன்பட வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. பரிந்துரை பல மாநிலங்களில் ஏட்டோடு நின்றது.

1994இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோதுதான் இதற்கு ஓர் உருவம் கிடைத்தது. பெண்களின் எழுத்தறிவு தேசிய சராசரிக்குக் கீழே இருந்த மாவட்டங்களைத் தேடி எடுத்துத் தொடங்கிய திட்டம் அது. தமிழ்நாட்டில் தர்மபுரியும் திருவண்ணாமலையும் அதில் இருந்தன. பிறகு 2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம் அந்த அமைப்பை நாடு முழுவதற்கும் விரித்தது. ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம், அதன் கீழே சில பள்ளிகளுக்கு ஒரு குறுவள மையம். ஆசிரியர்கள் வாயில் இவை பி.ஆர்.சி., சி.ஆர்.சி. "இந்தச் சனிக்கிழமை சி.ஆர்.சி. இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அந்தக் குறுவள மையத்தைச் சேர்ந்த பள்ளிகளின் ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள் என்று பொருள். இலங்கைத் தமிழில் இதற்குக் கொத்தணி என்ற அழகான சொல் இருக்கிறது. காம்பு ஒன்றாக, காய்கள் பலவாக இருக்கும் கொத்தை நினைவூட்டும் சொல். குறுவள மையம் என்பதைவிட எனக்கு அது பிடிக்கும்.

ஆக, அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதற்குள் உயிர் இருக்கிறதா என்பது ஒவ்வொரு கூட்டத்திலும் ஆசிரியர்கள் பையில் எதை எடுத்து வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் மையத்தில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன்.

52இல் 28 போனால்

அன்று கழித்தல் பற்றிப் பேச வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்திருந்தோம். ஒரு நிபந்தனை வைத்திருந்தோம்: துணைக்கருவி, விளக்கப்படம் எதுவும் வேண்டாம், மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளில் ஐந்தைத் திருத்தாமல் அப்படியே கொண்டுவர வேண்டும்.

நோட்டுகளை மேசையில் பரப்பினோம். என் வகுப்பில் கெட்டிக்காரன் என்று நான் நினைக்கும் பையன், 52இல் 28ஐக் கழித்து 36 என்று எழுதியிருந்தான். அவசரத்தில் செய்த பிழை என்று நினைத்திருந்தேன். பக்கத்து ஊர் நோட்டிலும் 36. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியின் இரண்டு நோட்டுகளிலும் 36. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத நான்கு பிள்ளைகள் ஒரே தவறான விடையை எழுதியிருந்தார்கள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவர்கள் அவசரப்படவில்லை. இரண்டிலிருந்து எட்டைக் கழிக்க முடியாதென்று, எட்டிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறார்கள். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பில் நாங்களே சொல்லிக் கொடுத்ததை நம்பிச் செய்திருக்கிறார்கள்.

தனியாக என் நோட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. ஒரு பையனின் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போயிருப்பேன்.

அந்தக் கூட்டத்தில் மிகச் சிறிய பள்ளியின் ஆசிரியை ஒருவர் இருந்தார். மொத்தம் 19 பிள்ளைகள். வழக்கமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதிகம் பேசாமல் போகிறவர். அவர் நோட்டுகளில் மட்டும் 24 என்று சரியான விடை இருந்தது. எப்படி நடத்தினீர்கள் என்று கேட்டோம். பையிலிருந்து தென்னை ஈர்க்குச்சிகளை எடுத்தார். பத்துப் பத்தாக நூலால் கட்டிய ஐந்து கட்டுகள், இரண்டு உதிரிக் குச்சிகள். எங்களில் ஒருவரை எழுப்பி, "எனக்கு எட்டுக் குச்சி கொடுங்கள்" என்றார். உதிரி இரண்டுதான் இருந்தது. அந்த ஆசிரியர் ஒரு கணம் தயங்கிவிட்டு ஒரு கட்டின் நூலை அவிழ்த்தார். "அவ்வளவுதான் சார். அவிழ்க்கிற வரைக்கும் நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார் அந்த ஆசிரியை.

இன்னொன்றும் சொன்னார். அவர் வகுப்பில் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்ற சொல்லையே விட்டுவிட்டாராம். பக்கத்து வீட்டில் கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டுமே, இந்தக் கணக்கில் எப்போது திருப்பித் தருவோம் என்று ஒரு சிறுமி கேட்டிருக்கிறாள். வாரக் கடன் வசூலுக்கு வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளையின் கேள்வி அது. அன்று முதல் அவர் 'கட்டைப் பிரிப்பது' என்றே சொல்கிறார். மறு வாரம் எங்கள் ஐந்து பள்ளிகளிலும் ஈர்க்குச்சிக் கட்டு வந்துவிட்டது.

பள்ளிகள் சேர்ந்து இயங்குவது பற்றி நான் சொல்ல விரும்பும் எல்லாம் இந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. பேச்சு ஒரு குறிப்பிட்ட கணக்கைப் பற்றியது. மேசையில் இருந்தவை பிள்ளைகள் எழுதிய நோட்டுகள். பெரிய பள்ளி சிறிய பள்ளிக்குக் கற்றுக்கொடுக்கும் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். அன்று கொடுத்தது 19 பிள்ளைகள் இருந்த பள்ளி.

லண்டன் செய்த ஒரு காரியம்

வறிய பகுதிப் பள்ளிகள் சேர்ந்து மேலே வந்ததற்கு உலகில் அதிகம் பேசப்படும் எடுத்துக்காட்டு லண்டன். 2000களின் தொடக்கத்தில் லண்டன் உள்நகரத்தின் மேல்நிலைப் பள்ளிகள் இங்கிலாந்திலேயே மிகப் பின்தங்கியவற்றில் அடங்கும். ஹேக்னி, இஸ்லிங்டன், லேம்பெத், சதர்க், ஹேரிங்கே போன்ற பகுதிகளில் புலம்பெயர்ந்த குடும்பங்களும் வறுமையும் அதிகம். 2003இல் 'லண்டன் சேலஞ்ச்' என்ற திட்டம் தொடங்கியது. டிம் பிரிக்ஹவுஸ் என்ற கல்வியாளர் அதன் முதல் வழிகாட்டி. 2011 வரை நடந்தது.

அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு 'பள்ளிக் குடும்பங்கள்'. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகப் பள்ளிகளைச் சேர்க்கவில்லை. எத்தனை பிள்ளைகள் இலவச மதிய உணவு பெறுகிறார்கள், எத்தனை பேருக்கு வீட்டு மொழி ஆங்கிலம் இல்லை, பள்ளிக்குள் வரும்போது அவர்களின் நிலை என்ன என்பதையெல்லாம் வைத்து, ஒரே மாதிரியான பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளை ஒரு குடும்பமாக்கினார்கள். பிறகு அந்தக் குடும்பத்துக்குள் யார் எந்தப் பாடத்தில் முன்னால் நிற்கிறார்கள் என்ற விவரத்தை எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

இதன் பலன் என்ன என்று யோசித்துப் பாருங்கள். "எங்கள் பிள்ளைகள் வீட்டுச் சூழ்நிலை அப்படி, அதற்கு மேல் வராது" என்று ஒரு தலைமையாசிரியர் சொல்வதற்கு முன்பே, அதே மாதிரி வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்னொரு பள்ளி நன்றாகச் செய்கிறது என்பது அவர் கண்ணெதிரே தாளில் இருக்கிறது. நாமக்கல்லில் ஒரு பெரிய தனியார் பள்ளி வாங்கும் தேர்ச்சி விகிதத்தை ஜவ்வாது மலைப் பள்ளியிடம் காட்டினால் வேதனைதான் மிஞ்சும். இன்னொரு மலைப் பள்ளியைக் காட்டினால், "அவர்கள் என்ன செய்தார்கள், போய்ப் பார்த்துவிட்டு வருவோமா?" என்று கேட்கத் தோன்றும். லண்டனில் அப்படித்தான் போய்ப் பார்த்தார்கள். தேறிய பள்ளியின் ஆசிரியர்கள் தடுமாறும் பள்ளியின் வகுப்புகளில் உட்கார்ந்தார்கள், தடுமாறும் பள்ளியின் ஆசிரியர்களும் தேறிய பள்ளிக்கு வந்து உட்கார்ந்தார்கள். 2010 வாக்கில் லண்டனின் மேல்நிலைப் பள்ளிகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட நன்றாக இருப்பதாக இங்கிலாந்தின் பள்ளி ஆய்வுத் துறையே அறிக்கை தந்தது.

இவ்வளவும் அந்த ஒரு திட்டத்தால்தான் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தொடக்கப் பள்ளிகளில் முன்பே ஏற்பட்ட முன்னேற்றமும், படிப்பின் மேல் பெரும் நம்பிக்கை வைத்திருந்த புலம்பெயர்ந்த குடும்பங்களின் பங்கும் பெரிது என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பணமும் தாராளமாகச் செலவிட்டார்கள். ஆனாலும் 'ஒத்த நிலையில் உள்ளவர்களோடு சேர்' என்ற அந்த ஏற்பாட்டுக்குப் பெரிய செலவு இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே செய்யலாம்.

எங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது கொலம்பியாவின் 'எஸ்குவேலா நுயேவா', அதாவது புதிய பள்ளி. 1970களின் நடுவில் விக்கி கோல்பெர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் ஓர் ஆசிரியரே பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கியது. பிள்ளைகள் தங்கள் வேகத்தில் படிக்கப் படிப்படியான கற்றல் வழிகாட்டிகள், கூடவே ஆசிரியர்களுக்கு 'மைக்ரோசென்ட்ரோ' என்ற சிறு மையங்கள். பக்கத்துப் பக்கத்து ஊர் ஆசிரியர்கள் ஒருவர் பள்ளியில் கூடி, அங்கேயே வகுப்பைப் பார்த்து, அங்கேயே பேசுவார்கள். 1990களின் இறுதியில் யுனெஸ்கோ லத்தீன் அமெரிக்க நாடுகளில் நடத்திய ஒப்பாய்வில், பெருநகரங்கள் நீங்கலாக, கொலம்பியாவின் கிராமப் பள்ளிகள் நகரப் பள்ளிகளை முந்தியிருந்தன.

செயல்வழிக் கற்றல் நம் மாநிலத்துக்கு வந்த வழியும் ஏறக்குறைய இதுவே. ஆந்திரத்தின் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள சிறு கிராமப் பள்ளிகளில் அட்டைகளை வைத்துப் பல வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து நடத்தும் முறை இருந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், முதலில் சில பள்ளிகளில் செய்து பார்த்தார்கள், 2007–08இல் அது மாநிலம் முழுவதற்கும் வந்தது. நகரத்துப் பள்ளிகள் ஒரு கிராமத்துச் சிறு பள்ளியைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

கூட்டம் எப்போது வீணாகிறது

இத்தனை சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் போன குறுவள மையக் கூட்டங்களில் பல, நாள் முழுக்கச் சுற்றறிக்கை வாசிப்பிலும் கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்களைப் பற்றிய நினைவூட்டலிலும் போயிருக்கின்றன. மேலே எழுதிய பயிற்சிக் கையேட்டை மாவட்டத்தில் படித்து, வட்டாரத்தில் படித்து, எங்களிடம் வரும்போது அது நான்காவது கை மாறியிருக்கும். கேள்வி கேட்டால் பயிற்சி தரும் கருத்தாளருக்கும் விடை தெரியாது, அது அவர் தவறும் இல்லை.

ஆசிரியையின் நேரத்தைப் பற்றி யாரும் கவலைப்படாததும் ஒரு காரணம். மலையடிவாரப் பள்ளியிலிருந்து மையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மாலை நாலரைக்குக் கூட்டம் முடிந்தால் அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவர் மூன்று மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்ப்பார். பஸ் நேரத்தை வைத்துக் கூட்ட நேரத்தை மாற்றியபோது எங்கள் மையத்தில் பேச்சே மாறியது.

வாட்ஸ்அப் குழு பற்றியும் கேட்பீர்கள். நேரில் பழகியவர்களுக்கு அது நல்ல துணை. ஒரு நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து, "இந்தப் பிள்ளை ஏன் இப்படி எழுதுகிறாள்?" என்று கேட்டால் இரவுக்குள் மூன்று பதில் வரும். முகம் தெரியாதவர்கள் 200 பேர் இருக்கும் குழுவில் யாரும் தன் வகுப்பின் தோல்வியைக் காட்ட மாட்டார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். பள்ளிகளைச் சேர்ந்து இயங்கச் செய்வது வேறு, பள்ளிகளை இணைத்து ஒன்றை மூடுவது வேறு. 2020 கொள்கை, ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு மேல்நிலைப் பள்ளியை மையமாக வைத்து அங்கன்வாடி வரை ஒரே தொகுப்பாக்கச் சொல்கிறது. இது படிப்படியாக மூடலில் முடியும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ராஜஸ்தானில் 2014 முதல் ஆயிரக்கணக்கான பள்ளிகள் இணைக்கப்பட்டதைப் பார்த்தவர்களின் அச்சம் அது. எனக்கும் அந்த அச்சம் உண்டு. ஏழு வயதுப் பெண் குழந்தை ஓடையைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் நடந்து போகாது, வீட்டில் அனுப்பவும் மாட்டார்கள். தொகுப்பு என்பது 19 பிள்ளைகள் உள்ள பள்ளியை அந்த ஊரிலேயே வாழ வைக்கிற ஏற்பாடாக இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைவு என்று அதை மூடியிருந்தால் எங்களுக்கு ஈர்க்குச்சிக் கட்டு கிடைத்திருக்காது.

பிள்ளை கைமாறும் இடங்கள்

கூட்டின் பயன் பாடம் நடத்துவதில் மட்டும் இல்லை. ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் பிள்ளை போகிற இடங்களில்தான் ஏழைப் பிள்ளைகளை நாம் அதிகம் தவறவிடுகிறோம்.

எங்கள் பக்கத்தில் பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். பிள்ளைகளும் கூடவே போவார்கள். வருகைப் பதிவேட்டில் வரிசையாக 'வரவில்லை' என்றே விழும். முன்பு அதோடு விட்டுவிடுவோம். இப்போது சூளை எந்த ஊரில் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அந்தப் பகுதிப் பள்ளியின் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைக்கிறோம். கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு உரிய எமிஸ் எண்ணோடு, எந்தப் பாடம் வரை முடித்திருக்கிறாள், எதில் தடுமாறுகிறாள் என்றும் சொல்லிவிடுகிறோம். நான்கு நிமிடப் பேச்சு. அவள் ஆனி மாதம் திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இன்னொரு இடம் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போவது. எங்கள் ஊரில் ஆறாம் வகுப்பு இல்லை. நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே 300 பிள்ளைகள், பாடத்துக்கு ஓர் ஆசிரியர். கோடை விடுமுறைக்குப் பிறகு இரண்டு மூன்று பேர் அங்கே போய்ச் சேராமலே நின்றுவிடுவார்கள், அங்கே கேட்டால் பெயரே தெரியாது என்பார்கள்.

மூன்று ஆண்டுகளாக மார்ச் மாதத்தில் ஒரு நாள் எங்கள் ஐந்து பள்ளிகளின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக அங்கே அழைத்துப் போகிறோம். சத்துணவும் அன்று அவர்களுக்கு அங்கேதான். ஆறாம் வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறார். போன முறை எங்கள் பள்ளிச் சிறுமி ஒருத்தி கழிப்பறை எங்கே இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று முதலில் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு ஆறாம் வகுப்பு அறைக்குள் போய், ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். பக்கத்து ஊர்ச் சிறுமி ஒருத்தி வந்து அவள் அருகில் உட்கார்ந்தாள். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அந்த ஆறாம் வகுப்பு ஆசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நோட்டில் எழுதியிருந்த பெயர்களில் ஒன்றுக்குரிய பிள்ளை மட்டும் வரவில்லை என்று சொல்லி, வீடு எந்தத் தெரு என்று கேட்டார்.